சானல் பதிமூன்று

எங்கள் கட்டடத்தில் பதிமூன்று வீடுகள். தளத்துக்கு மூன்றாக நான்கு தளம், மொட்டை மாடியில் தனியாக ஒன்று. ஒன்றாம் எண் வீடு என்னுடையது. என் ஜன்னல் வாசற்கதவைப் பார்த்தபடி இருக்கிறது. அது கட்டியவனின் குற்றம், என்னுடையது அல்ல. யார் எதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறார்கள், எதை மறைத்துக்கொண்டு வெளியே போகிறார்கள் என்பதை நான் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. தானாகக் கண்ணில் படுகிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டா உட்கார முடியும்?

அப்படித்தான் ஏழாம் எண் வீட்டுக்குக் கூரியரில் ஒரு பெட்டி வந்தது கண்ணில் பட்டது. மேலே சிவப்பு எழுத்தில் ஒரு ஒட்டுத்தாள்: ‘பணி தொடங்கும் நாளில் மட்டுமே பிரிக்கவும்.’

ஏழாம் எண் வீட்டு மருமகளுக்கு எங்கள் கட்டடம் வைத்த பெயர் அகராதி. மூன்று மொழி பேசுவாள். நாம் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் சிரிக்காமல் திருத்துவாள். அந்தச் சிரிக்காததுதான் வலிக்கும். கல்யாணத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் வேலை. பாஷை தெரியாத நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்ததும் விட்டாள். ஆறு மாதம் என்று விட்டது பதினோரு வருஷமாகிவிட்டது.

இப்போது அதே வேலை வேறு உருவத்தில் வந்தது. எங்கோ கடல் தாண்டி ஒரு கம்பெனி. அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி படுத்திருப்பார். இவள் இங்கே வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். நான்கு சுற்றுத் தேர்வு வைத்தார்கள். நான்கையும் குளியலறையில் உட்கார்ந்து போனிலேயே எழுதி முடித்தாள். அந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழுகிற கதவு அது ஒன்றுதான். பாஸும் ஆகிவிட்டாள். லேப்டாப்பைக் கம்பெனியே அனுப்பியது. அதுதான் அந்தப் பெட்டி.

மூன்று வாரம் அது பீரோவின் மேல் இருந்தது. தினமும் காலையில் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவாள். பிரித்துப் பார்த்தாளா? மாட்டாள். பிரிக்கக்கூடாது என்று ஒட்டியிருக்கிறதே! சட்டத்தை எழுதியவனே மறந்துபோன பிறகும் கடைப்பிடிக்கிற ஜாதி அவள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வேலை தொடக்கம். அன்று காலை ஒன்பது மணிக்குக் கால் மணி இருக்கும்போது, மேலே மேஜை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி. பிறகு மறுபடி மேஜை. ஒரு வீட்டில் மேஜை ஒருமுறை நகர்ந்தால் கூட்டிப் பெருக்குகிறார்கள். மூன்று முறை நகர்ந்தால் ஏதோ சரியில்லை. இந்த மாதிரி சமயத்துக்கென்றே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாங்கிய ஒரு கிண்ணத்தைத் திருப்பித் தராமல் வைத்திருப்பேன். ஏழாம் எண்ணின் கிண்ணத்தைத் தேடி எடுத்துக்கொண்டு படியேறினேன்.

கதவு திறந்தே இருந்தது. மேஜை ஹாலின் நடுவில், ரவுட்டருக்கு நேர் கீழே. அதன்மேல் புத்தம்புது லேப்டாப். அதன் முன்னால் அகராதி, தலை வாரி, நல்ல உடை உடுத்தி, முகத்தில் ரத்தமே இல்லாமல்.

“கல்லீரல், மண்ணீரல், பித்தப்பை, கணையம்…” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?” என்றேன்.

“யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. பயம் வந்தா இப்படித்தான் சொல்லிக்குவேன்.” திரையைக் காட்டினாள். “இதுல நம்ம வீட்டு வைஃபை மட்டும் தெரியல.”

அவள் கணவன் ரவுட்டருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஆள். பதினைந்து வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து, பதற்றம் வந்தால் வலது காலால் தரையை அழுத்துவான். அதனால் அவன் பெயர் பிரேக். அன்று அந்தக் கால் தரையை விட்டு எழவே இல்லை.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தாச்சா?” என்றேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

“அதை நாலு தடவை, இதை மூணு தடவை” என்றான் பிரேக். “என் போன்ல வருது, அவ போன்ல வருது, அம்மா போன்ல கூட வருது. இந்த மகராஜன் கண்ணுக்கு மட்டும் தெரியல.”

மாமியார் சமையலறை வாசலில் நின்றார். “மூணு வாரமா தூசி தட்டினியே, ஒரு தடவை திறந்து பாக்கணும்னு தோணலையா?”

“பிரிக்கக்கூடாதுன்னு ஒட்டியிருந்துச்சு அத்தை.”

“ஒட்டினவன் வந்து பாத்தானா? அரசாங்க கஜானாவா அது?”

அகராதி கம்பெனியின் உதவி எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். பாட்டு பன்னிரண்டு நிமிஷம் ஓடியது. நான் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொடுத்துவிட்டால் போக வேண்டியிருக்கும்.

கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. “சொல்லுங்க மேடம். உங்க லேப்டாப்புக்கு வேற ஏதாவது நெட்வொர்க் தெரியுதா?”

“தெரியுது. அக்கம்பக்கத்து வீடு எல்லாம் தெரியுது.”

“அப்போ லேப்டாப் நல்லா இருக்கு. உங்க ரவுட்டர்தான் பிரச்சினை.”

“போன்ல இருந்து குடுக்கலாமா? இல்லன்னா பக்கத்து வீட்டு லைன்?”

“முடியாது மேடம். நோயாளிங்க ரகசியம் போற லைன். நீங்க பதிவு பண்ணின வீட்டு இணைப்பை மட்டும்தான் அது ஏத்துக்கும். வயர் சொருகற இடமும் அதுல கிடையாது. பத்தே காலுக்குள்ள உள்ள வந்துடுங்க.”

“வரலைன்னா?”

“முதல் நாள் வரலைன்னா சிஸ்டமே உங்க இடத்தை அடுத்தவங்களுக்குக் குடுத்துடும். நாங்க நெனச்சாலும் தடுக்க முடியாது. வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

இதுவரை செய்த உதவியே போதும் என்று நான் மனதுக்குள் சொன்னேன்.

அடுத்து இணைப்புக் கொடுத்தவர்களை அழைத்தாள். அங்கே ஓர் ஆண் குரல். “போன்ல எல்லாம் வருதாங்க?”

“வருது.”

“அப்போ எங்க ரவுட்டர் நல்லா இருக்குங்க. உங்க லேப்டாப்தான் பிரச்சினை.”

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் நல்லவர்களாக இருந்தும் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காத கதை. மணி ஒன்பது இருபத்தைந்து.

அகராதி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தாள். படுக்கையறை, பால்கனி, தேர்வு எழுதிப் பழகிய குளியலறை. தூங்காத கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதைப் போல அதை அணைத்துப் பிடித்திருந்தாள். எங்கே போனாலும் அதே பட்டியல். ஊர் முழுக்க வந்து உட்கார்ந்திருக்கிறது, கூப்பிட்டவரை மட்டும் காணோம்.

பிரேக் ஒரு ஊசியை எடுத்தான். “ரவுட்டர் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு. இதை விட்டு பத்து செகண்டு அழுத்தினா எல்லாம் ஆதியில இருந்த மாதிரி ஆயிடுமாம்.”

“ஆதியில நமக்கு இன்டர்நெட்டே இல்லங்க” என்றாள் அகராதி. “அவங்க போட்ட செட்டிங் எல்லாம் அழிஞ்சிடும். மறுபடி போட ஆள் வர நாளைக்கு ஆகும். ஊசியைக் கீழ வைங்க.”

“சும்மா எப்படி நிக்கறது?”

“நிக்கறதுன்னா சும்மா நிக்கறதுதான்.”

அவள் குரல் கடைசி எழுத்தில் உடைந்தது. மாமியார் சட்டென்று உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்கறிக் கடை, மருந்துக் கடை, பல் டாக்டர் வரை எல்லாரிடமும் ‘எங்க மருமக வெளிநாட்டு டாக்டர்களோட பேசப்போறா’ என்று சொல்லி வைத்திருந்தார். வீட்டுக்குள் மட்டும்தான் ‘அரசாங்க கஜானாவா’ எல்லாம்.

நான் எழுந்து போய்த் திரையை எட்டிப் பார்த்தேன். அதிலிருந்த பெயர்களைப் படிக்க எனக்குச் சுகமாகவே இருந்தது. ஒரு மனிதன் தன் வீட்டு வைஃபைக்கு என்ன பெயர் வைக்கிறான் என்பதில் பாதிக் குணம் தெரிந்துவிடும். ‘வாசல்’ நான். ‘தலைமை நிலையம்’ மொட்டை மாடி. ‘சும்மா கிடைக்காது’ ஒன்பதாம் எண். ‘உன் வேலையைப் பார்’ நான்காம் எண். யாரைச் சொல்கிறார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விரல் விட்டு எண்ணினேன். பதினொன்று.

“இதுல பல் டாக்டரம்மாவையும் காணோமே” என்றேன்.

“யாரு?”

“பன்னெண்டாம் நம்பர். ‘பல்லைக் காட்டு’ன்னு பேரு வெச்சிருக்காங்களே. உன் ‘அமைதி தேவை’யும் இல்ல, அவங்க ‘பல்லைக் காட்டு’ம் இல்ல. மத்த எல்லாரும் ஆஜர்.”

பிரேக் தன் போனைப் பார்த்தான். அதில் இரண்டுமே இருந்தன. அகராதி லேப்டாப்பையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வாய் கணையத்தோடு நின்றது.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “அவங்க சானல் பன்னெண்டு. நம்மது பதிமூணு.”

இந்த இடத்தில் சானல் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு கூத்து வேறு கட்டடத்தில் நடந்திருக்காது.

ஐந்து வாரத்துக்கு முன்பு வரை, சாயங்காலமானால் எங்கள் யார் வீட்டிலும் வைஃபை நகராது. மொட்டை மாடியில் இருப்பவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் சங்கத்தின் செயலாளர். எக்ஸ்சேஞ்ச் சார் என்போம். அவர் போனில் எதையோ பார்த்துவிட்டுக் கூட்டம் போட்டார். “எட்டு வீட்டு வைஃபை ஒரே சானல்ல இருக்கு. ஒரே அறையில எட்டு பேரு நின்னு கத்தினா யாருக்கு என்ன கேக்கும்?” அதுவரைக்கும் சரி. அங்கே விட்டிருக்கலாம். ஆனால் அவர் வண்டி நிறுத்துவதற்குக் கோடு போட்டுக் கொடுத்த கை. சானலும் பதிமூன்று, வீடும் பதிமூன்று என்று பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. வீட்டு எண் என்னவோ அதுவே சானல் எண் என்று பிரித்துவிட்டார். பக்கத்துப் பக்கத்துச் சானல் கொஞ்சம் உரசத்தான் செய்யும் என்று அவரே ஒப்புக்கொண்டார். “இருந்தாலும் நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?” யாரும் திருட்டுத்தனமாக அடுத்தவர் சானலுக்குக் குடிபோகக்கூடாது என்று ஒவ்வொரு ரவுட்டருக்கும் தானே ஒரு ரகசியச் சொல் போட்டுப் பூட்டி, அதை எல்லாம் ஒரு குட்டி நோட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாங்களும் கை தட்டினோம்.

அகராதி மட்டும் தட்டவில்லை. “கடைசி நம்பருக்கு ஒரு பக்கம்தான் அண்டை வீடு. மூலை வீடு மாதிரி. அதை உங்களுக்கு வெச்சுக்கிட்டு எனக்கு நடு வீடா சார்? நான் ஆஸ்பத்திரி வேலை பாக்கப் போறவ. எனக்குத்தான் பதிமூணு வேணும்” என்றாள். சும்மா சொல்லவில்லை, நான்கு பக்கம் அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தாள். படித்தவரிடம் காகிதம் காட்டினால் தோற்றுத்தானே போவார்? பதிமூன்றைக் கொடுத்துவிட்டு ஏழை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

இப்போது மணி ஒன்பது முப்பத்தைந்து. ரவுட்டர் அவள் வீட்டில். சாவி அவர் பையில்.

“போய்க் கேளுங்க” என்றாள் கணவனிடம். “நான் கேட்டா தரமாட்டாரு. தப்பு என் மேல. நானே சண்டை போட்டு வாங்கினதுங்க.”

பிரேக் மொட்டை மாடிக்கு ஓடினான். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தான். “வாக்கிங் போயிருக்காராம். போனை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாராம். பார்க்குல மூணு சுத்து முடிச்சு பத்தரைக்குத்தான் வருவாருன்னு அந்தம்மா சொல்றாங்க.”

அகராதி நாற்காலியில் உட்கார்ந்தாள். “பார்க்கு எவ்வளவு பெருசு” என்றாள். கேள்வி போல இல்லை.

சொல்லக்கூடாது. ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றிய விஷயம். என்னிடம் ஒரு ரகசியம் ஏழு மாதம் தங்கியது என்றால் அதன் மதிப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

“அவரு பார்க்குல இல்ல” என்றேன். “வண்டியை எடு.”

கீழே வாசலில் பயிற்சிக் கார் நின்றது. ஒன்பதரை மணி வகுப்புக்கு வந்த நூலகத்து அம்மா, ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி தயாராக உட்கார்ந்திருந்தார். பதினெட்டாவது நாள் வகுப்பு.

“நகருங்கம்மா, அவசரம், நான் ஓட்டறேன்.”

“இன்னிக்கு மெயின் ரோடுன்னு சொன்னீங்களே சார்.” இறங்கி, கைப்பையை எடுத்து, கதவைச் சாத்தி, மறுபக்கம் வந்து ஏற அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று பிரேக் கணக்குப் போட்டான். “சரி, எடுங்க” என்றான்.

ஆக, அந்த வேலையின் தலையெழுத்து ஒரு நூலகரின் இரண்டாவது கியரில் போனது. பின்னால் நான், மடியில் கிண்ணம். அதை இன்னும் நான் கீழே வைக்கவில்லை. சைக்கிள் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார். “கொஞ்சம் அழுத்தலாம்மா” என்றான் பிரேக், தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்திக்கொண்டே.

“நான் அழுத்தறேன் சார், நீங்கதான் நிறுத்தறீங்க!”

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. ரொட்டி அடுக்குகிற தட்டுக்குப் பின்னால், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பெஞ்சு. அதில் எக்ஸ்சேஞ்ச் சார், விளையாட்டு ஷூவும் கழுத்தில் துண்டுமாக, வெண்ணெய் தடவிய இனிப்பு பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கே பூட்டு.

எங்களைப் பார்த்ததும் மெல்வது நின்றது.

பிரேக் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அவர் நிதானமாக வாயைத் துடைத்தார்.

“பன்னெண்டும் பதிமூணும் தெரியலையா? தெரியாது. அந்த லேப்டாப் வந்த தேசத்துல பதினொண்ணோட சரி. அதுக்கு மேல இருக்கறது அதோட காதுக்கே எட்டாது. உங்க போனெல்லாம் இங்க வாங்கினது, அதனால கேக்குது.” அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “நாலு பக்கம் பிரிண்ட் எடுத்தாங்களே, அதுல இது இல்லையா?”

“சார், நேரமில்ல. மாத்திக் குடுங்க.”

“எதுக்கு மாத்தறது? பதிமூணும் ஒதுக்கியாச்சு. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு இடிக்கும். பொதுக்கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு…”

நான் கிண்ணத்தைப் பெஞ்சில் வைத்தேன். “சார், வெண்ணெய் மோவாய்ல ஒழுகுது. உங்க வீட்டம்மா கேட்டா பார்க்குல எத்தனாவது சுத்துல ஒட்டிச்சுன்னு சொல்லட்டும்?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பன்னைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

“ஏழையே திருப்பிக் குடுத்துடறேன்” என்றார். “பதிமூணு எனக்கு. கூட்டம் அப்புறம் பாத்துக்கலாம்.”

திரும்பும்போது நூலகத்து அம்மாவை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் ஏதோ புரிந்துவிட்டது. மூன்றாவது கியர் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாம். சந்தில் திரும்பும்போது எக்ஸ்சேஞ்ச் சாரும் காலால் தரையை அழுத்தினார்.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்குப் படியேறினோம். அகராதி நாங்கள் போனபோது இருந்த அதே இடத்தில், அதே கோணத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையை மாமியார் பிடித்திருந்தார். நாங்கள் உள்ளே வந்ததும் இருவரும் சட்டென்று கையை விலக்கிக்கொண்டார்கள்.

எக்ஸ்சேஞ்ச் சார் சுவரைப் பார்க்கவில்லை. நேரே அவளைப் பார்த்தார். ஐந்து வாரமாக ஒத்திகை பார்த்த ஏதோ ஒரு வசனம் அவர் வாயில் இருந்தது, எனக்குத் தெரிந்தது. அவள் எழுந்து நின்றாள். “சார், நான்தான் தப்பா…” என்று ஆரம்பித்தாள்.

“உக்காரும்மா” என்றார். வசனத்தை விழுங்கிவிட்டார். “இந்த வீட்டு ரவுட்டரோட ரகசியச் சொல்லு எந்தப் பக்கத்துல எழுதினேன்?”

கண்ணாடியை மேலே தள்ளி, நோட்டைப் புரட்டினார். முதலில் பால் கணக்கு. பிறகு மாத்திரைப் பெயர்கள். பத்து மணி ஆயிற்று. பத்து ஒன்று. பிரேக்கின் போனில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார். தப்பு. “மூணாவது தடவையும் தப்பா அடிச்சா அஞ்சு நிமிஷம் பூட்டிக்கும்” என்று தகவல் சொன்னார், வானிலை அறிக்கை வாசிப்பதைப் போல.

அகராதி நோட்டை வாங்கிப் பார்த்தாள். “சார், இது ஒண்ணு இல்ல, ஏழு. உங்க ஏழுல மேல்கோடு ரொம்பச் சின்னது.” சிரிக்காமல்தான் திருத்தினாள். முதல் தடவையாக அது யாருக்கும் வலிக்கவில்லை.

திறந்தது. முதலில் மொட்டை மாடி வீட்டு ஏழாம் சானலைக் காலி செய்ய வேண்டுமே என்று அவர் மேலே பார்த்தார். “ரெண்டு வீடும் ஒரு நாள் ஏழுல கெடந்தா உலகம் இடிஞ்சிடாது சார்” என்றார் மாமியார். ஏழாம் சானலைப் போட்டார். ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. அணைந்தது தெரிந்தே செய்ததுதான், மறுபடி எழுந்துவரும் என்று அவர் சொன்னார். ஆனால் ஐந்து பேரும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு விளக்கு எரிந்தது. இரண்டாவது மினுக்கியது, நின்றது, மினுக்கியது. “மண்ணீரல்” என்றார் மாமியார். அவருக்கும் தொற்றிவிட்டது.

பத்து ஆறுக்குப் பட்டியலின் நடுவில் ‘அமைதி தேவை’ வந்து உட்கார்ந்தது.

யாரும் கத்தவில்லை. கத்துவதற்குள் திரையில் ஒரு கட்டம் திறந்தது. அகராதி வாசித்தாள், வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது. “நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும். அறையில் வேறு யாரும் இல்லை என்பதைக் காட்ட, கணினியை ஒரு முழுச் சுற்றுத் திருப்பவும்.”

அறையில் அவளைத் தவிர நான்கு பேர். “எல்லாரும் வெளிய!” என்று மாமியார் போட்ட சத்தத்தில் பிரேக் சுவரோடு ஒட்டினான். அகராதி லேப்டாப்பைத் திருப்பத் தொடங்கிவிட்டாள். முதல் சுற்றில் எக்ஸ்சேஞ்ச் சாரின் முதுகு விழுந்தது. ‘மற்றொரு நபர் காணப்படுகிறார்’ என்றது. இரண்டாவது சுற்றில் சோபாவுக்குப் பின்னால் குனிந்திருந்த என் தலை. ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். இத்தனை பாடுபட்டுவிட்டு முதல் அழைப்பைப் பார்க்காமல் போவதா என்று ஒரு நப்பாசை.

“அக்கா,” என்றாள் அகராதி. கைகூப்பவில்லை, கெஞ்சவில்லை. “எனக்கு மூணு நிமிஷம்தான் இருக்கு.”

எழுந்து வெளியே வந்தேன். அகராதி கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாளுக்காக ஒரு முறை முட்டினாள், விழவில்லை. நான் கைப்பிடியை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

படிக்கட்டில் நால்வரும் நின்றோம். உள்ளே சத்தமே இல்லை. பத்து பதிமூன்று. பத்து பதினான்கு. உள்ளே போனாளா, இடம் வேறு யாருக்காவது போய்விட்டதா, ஒன்றும் தெரியவில்லை. பிரேக் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தான். எக்ஸ்சேஞ்ச் சார் நோட்டை மூடினார், திறந்தார். மாமியார் உதடு அசைந்தது.

பத்து பதினாறு. பதினேழு. தோற்றுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று மனதுக்குள் வார்த்தை தேட ஆரம்பித்தேன். அவளிடம் தப்பில்லாத வார்த்தையாகப் பார்த்துச் சொல்ல வேண்டுமே.

அப்போது அவள் குரல் வந்தது. இதுவரை நாங்கள் கேட்காத குரல். அவசரமில்லாத, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

“வணக்கம்மா. நான் தமிழ்ல பேசறேன், பயப்படாதீங்க. நீங்க சொல்றதை டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுவேன். நம்ம மூணு பேரைத் தாண்டி எங்கயும் போகாது. எங்க வலிக்குது, சொல்லுங்க.”

பிரேக் படியில் உட்கார்ந்தான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். துண்டு எக்ஸ்சேஞ்ச் சாருடையது.

பிறகு ஒரு நீண்ட மௌனம். அந்தப் பக்கம் ஒரு பெண்மணி பேசியிருக்க வேண்டும். ஹெட்போனில் அவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். மௌனத்துக்குப் பிறகு அகராதி இன்னும் மெதுவாக ஒன்று கேட்டாள். ஒரே ஒரு கேள்வி. கதவுக்கு மிக அருகில் கைப்பிடியோடு நின்றவள் நான்தான். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மாமியார் கிட்டே வந்து காதைக் கதவில் வைக்கப் போனார். “என்ன கேக்கறா?” என்று உதட்டசைவில் கேட்டார்.

நான் அவர் முழங்கையைப் பிடித்துத் திருப்பினேன்.

“வேலை பாக்கறா” என்றேன். “வாங்க, கீழ போய் உக்காரலாம். கைப்பிடியை உங்க பையன் பிடிச்சுக்கட்டும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. சாயங்காலம் மூன்று வீட்டிலிருந்து கிண்ணத்தைக் கேட்டு வந்தார்கள். யாருக்கும் கிண்ணம் வேண்டியிருக்கவில்லை. காலையில் மேலே என்ன நடந்தது, முதல் ஆள் யார், என்ன வியாதி என்றுதான் கேட்டார்கள். கிண்ணங்களைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.